கோட்டை இல்லாத பிரபுவின் வாசல்: கைபரா ஜின்யாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானுக்குப் போகிறவர்கள் ஹிமேஜி கோட்டையைப் பார்ப்பார்கள், ஒசாகா கோட்டை முன்னால் படம் எடுத்துக்கொள்வார்கள். அத்தோடு பிரபுக்களின் காலத்தைப் பார்த்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். எடோ காலத்தின், அதாவது ஷோகன் என்ற படைத்தலைவர்கள் நாட்டை ஆண்ட 1603–1868 காலத்தின், முடிவில் ஜப்பானில் 260-க்கும் மேற்பட்ட டைம்யோக்கள், அதாவது பிரபுக்கள், இருந்தார்கள். அவர்களில் பலருக்குக் கோட்டையே கிடையாது. கட்டிக்கொள்ள அனுமதி இல்லை, அனுமதி கிடைத்தாலும் கட்டுவதற்குப் பணம் இல்லை. அவர்கள் குடியிருந்து நிர்வாகம் நடத்திய இடத்துக்கு ஜின்யா என்று பெயர். பாதி வீடு, பாதி அலுவலகம். கோபுரம் இல்லை, ஆழமான அகழி இல்லை. 1868-இல் ஷோகன் ஆட்சி போய்ப் பேரரசரின் மேஜி அரசு வந்த பிறகு பெரும்பாலானவை மரத்துக்காக விற்கப்பட்டு, வயலாகவோ பள்ளிக்கூடமாகவோ மாறின.

மிச்சமிருப்பவற்றில் ஒன்று ஹியோகோ மாநிலத்தின் தம்பா நகரத்தில், கைபரா என்ற ஊரில் இருக்கிறது. 1971-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பிரபுவின் மாளிகையில் ஒரு பகுதியும் முன்வாசல் கட்டடமும் அந்தந்த இடத்திலேயே நிற்பதுதான் இதன் அருமை. ஆனால் முன்தயாரிப்பு இல்லாமல் போனால் இருபதே நிமிடத்தில் வெளியே வந்து, ‘இதற்காகவா இவ்வளவு தூரம்?’ என்று கேட்பீர்கள். அப்படி ஆகாமலிருக்கத்தான் இந்த வழிகாட்டி.

முதலில், யாருடைய வீடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போகாதீர்கள். பார்க்கப்போகும் கட்டடம் சிறியது. அதன் பின்னால் இருக்கும் குடும்பக் கதைதான் பெரியது.

ஓடா நொபுநாகாவின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பதினாறாம் நூற்றாண்டில் சிதறிக் கிடந்த ஜப்பானை வாள்முனையில் ஒன்று சேர்க்கத் தொடங்கியவர். 1582-இல் கியோட்டோவின் ஹொன்னோஜி கோயிலில் அவருடைய தளபதி அகேச்சி மிட்சுஹிடேயே அவருக்கு எதிராகத் திரும்ப, அங்கேயே உயிரை விட்டார். நொபுநாகாவுக்காக இந்தத் தம்பா பகுதியைப் பல ஆண்டுகள் போரிட்டு வென்று கொடுத்தவரும் அதே மிட்சுஹிடேதான். கொன்றவன் வென்ற மண்ணில், கொல்லப்பட்டவரின் குடும்பம் பிற்பாடு குடியேறியது.

நொபுநாகாவின் தம்பி நொபுகானே 1598-இல் கைபராவில் 36,000 கோகு வருமானமுள்ள நிலத்தைப் பெற்றார். ஒரு கோகு என்பது ஏறத்தாழ 180 லிட்டர் அரிசி. ஒரு ஆள் ஒரு வருடம் சாப்பிடப் போதும் என்று கணக்கு. 10,000 கோகுவும் அதற்கு மேலும் இருந்தால்தான் டைம்யோ. அந்தக் கிளை மூன்று தலைமுறை ஆண்டது. 1650-இல் வாரிசு இல்லாமல் அற்றுப்போனதும், நிலத்தை ஷோகன் அரசு தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

இரண்டாவதாக வந்தவர்கள் நொபுநாகாவின் இரண்டாம் மகனின் வழி வந்தவர்கள். இன்றைய நாரா மாநிலத்தில் உதா என்ற இடத்தில் 28,000 கோகு அளவுக்கு ஆண்டு வந்தார்கள். 1694-இல் அந்தப் பிரபு தன் மூத்த அதிகாரிகளைக் கொன்றுவிட்டுத் தானும் தற்கொலை செய்துகொண்டார். ஷோகன் அரசு குடும்பத்தை ஒழித்துவிடவில்லை. ஆனால் 8,000 கோகுவை வெட்டிவிட்டு, மகனை மறு ஆண்டே கைபராவுக்கு மாற்றியது. நொபுநாகாவின் நேர் வாரிசு இப்போது 20,000 கோகு பிரபு, கோட்டை வைத்துக்கொள்ளும் தகுதியும் இல்லாதவர்.

அந்த 20,000 கோகுவும் பிரபுவின் பைக்குள் போகிற பணமல்ல. அது நிலத்தின் மொத்த விளைச்சல் மதிப்பு. அதில் ஒரு பங்குதான் வரி. அந்த வரியிலிருந்து சாமுராய்களுக்குச் சம்பளம், எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், இன்னொரு மாளிகை, ஷோகன் முன் ஆஜராக எடோவுக்குப் பரிவாரத்தோடு போய்வரும் செலவு. கைபராவுக்கு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர்களால் முறையான ஜின்யா கட்டிக்கொள்ள முடியவில்லை. 1714-இல்தான் கட்டிமுடித்தார்கள். 1818-இல் அது தீப்பிடித்து எரிந்தது. முன்வாசல் மட்டும் தப்பியது. 1820-இல் மறுபடி கட்டிய மாளிகையின் ஒரு பகுதியைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

பெரிய பேர், சின்ன வரும்படி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால், எங்கே செலவழித்திருக்கிறார்கள், எங்கே கையைக் கட்டிக்கொண்டார்கள் என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

போகும் வழி

ஒசாகா நிலையத்திலிருந்து ஃபுகுச்சியாமா தடத்தில் கோஉனோதோரி என்ற சிறப்பு விரைவு ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் கைபரா. ஏறும் முன் அந்த வண்டி கைபராவில் நிற்குமா என்று அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் சாதாரணக் கட்டணத்தில் ஓடும் விரைவு வண்டியில் சசயாமாகுச்சி வரை போய், அங்கே உள்ளூர் வண்டிக்கு மாறலாம். அங்கிருந்து நான்காவது நிலையம். இதில் எச்சரிக்கை தேவை. சசயாமாகுச்சிக்கு அப்பால் இரட்டைத் தடம் ஒற்றைத் தடமாகிறது, வண்டிகளும் குறைகின்றன. ஒரு வண்டியைத் தவறவிட்டால் நடைமேடையில் நீண்ட நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கியதுமே குறித்துக்கொள்ளுங்கள்.

கினொசாகி வெந்நீர் ஊற்றுக்குப் போகத் திட்டமிட்டிருந்தால் இன்னும் வசதி. அதே ரயில் தடம்தான். வெளிநாட்டுப் பயணிகளுக்கான கான்சாய் வைட் பாஸ் இந்தத் தடத்துக்குச் செல்லும். காலையில் கிளம்பி, கைபராவில் இறங்கி, மதியத்துக்குப் பின் வடக்கே போய்விடலாம். பெரிய பெட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு வராதீர்கள். தங்குமிடத்துக்கு முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

இறங்கியதும் நிலையக் கட்டடத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். 1990-இல் ஒசாகாவில் நடந்த உலக மலர்க் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையத்தை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பழைய ஊருக்குச் சம்பந்தமில்லாத பொம்மை வீடு போன்ற தோற்றம். எனக்குப் பிடித்திருந்தது, ஊரார் எல்லோருக்கும் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை.

நிலையத்திலிருந்து ஜின்யாவுக்கு நடந்தே போகலாம். பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். பஸ், டாக்சி எதையும் தேட வேண்டாம்.

டிக்கெட், நேரம், கையில் இருக்க வேண்டியவை

ஜின்யாவுக்கு எதிரே ஊரின் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஜின்யாவின் பழைய வரைபடத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவருக்கும் பார்க்காமல் போகிறவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வரைபடத்தில் எத்தனை அறைகள் வரிசையாக இருந்தன, இன்று எவ்வளவு கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்பதைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். அனுமதித்தால் செல்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் இந்த ஊரில் பிறந்த ஹைக்கு கவிஞர் தென் சுதேஜோவுக்கான நினைவகமும் அங்கேயே இருக்கிறது.

கட்டணம் சில நூறு யென்தான். திங்கட்கிழமைகளிலும் ஆண்டு இறுதியிலும் மூடியிருப்பது வழக்கம். திங்கள் அரசு விடுமுறையாக வந்தால் செவ்வாயன்று மூடுவது ஜப்பானிய அருங்காட்சியகங்களின் பொதுப் பழக்கம், எனவே அந்த வாரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சில்லறைப் பணம் கையில் இருக்கட்டும். சுத்தமான, கனமான காலுறை மிக அவசியம். உள்ளே செருப்போடு நடக்க முடியாது, குளிர்காலத்தில் மரத்தரை காலைக் கவ்வும். தம்பா மலைகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளத்தாக்கு. இலையுதிர் காலக் காலைகளில் மூடுபனி இறங்கிவிடும். கோடையில் காற்றே இருக்காது.

முன்வாசல்: நாகயாமோன்

1714-இல் கட்டிய, தீயிலிருந்து தப்பிய ஒரே கட்டடம் இதுதான். நாகயாமோன் என்றால் நடுவே வழியும் இருபுறமும் அறைகளும் கொண்ட நீளமான வாசல் கட்டடம். கோட்டை வாசலைப்போல இரும்புப் பட்டையும் அம்பு எய்யும் துவாரமும் தேடாதீர்கள். இது தற்காப்புக்கான வாசல் அல்ல. யார் வருகிறார், எதற்காக வருகிறார் என்று விசாரித்து உள்ளே அனுப்புவதற்கான வாசல். காவலர் அறையும், குதிரைகளை ஓட்டிக்காட்டும்போது பார்வையிடும் அறையும் இதிலேயே அடக்கம்.

உடனே நுழைந்துவிட வேண்டாம். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, நடுவழியின் அகலத்தைக் கவனியுங்கள். பல்லக்கும் அதைத் தூக்குகிறவர்களும் சுமைக்காரர்களும் இதன் வழியாகத்தான் வந்துபோனார்கள். பிறகு தூண்களைக் கிட்டத்தில் பாருங்கள். மூன்று நூற்றாண்டு மழையும் வெயிலும் தின்ற மரத்தில், மென்மையான பகுதி தேய்ந்து, கெட்டியான வரிகள் நரம்புபோல் துருத்திக்கொண்டிருக்கும். எங்காவது புது மரத்துண்டு வைத்து ஒட்டுப்போட்டிருந்தால் நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஜப்பானியத் தச்சர்கள் முழுத் தூணையும் மாற்றுவதில்லை. கெட்டுப்போன அடிப்பகுதியை மட்டும் வெட்டி, புதுமரத்தைப் பொருத்துவார்கள். அந்த இணைப்பைத் தேடுவது நல்ல பொழுதுபோக்கு. தொடாமல் தேடுங்கள்.

மாளிகையின் முகப்பு: இங்கேதான் நிற்க வேண்டும்

வாசலைத் தாண்டியதும் எதிரே மாளிகை. நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது, அறைகளுக்குள்ளே அல்ல.

நுழைவு மண்டபத்துக்கு மேலே வில்போல் நடுவில் உயர்ந்து இருபுறமும் வழிந்து இறங்கும் கூரை முகப்பைப் பாருங்கள். கரஹாஃபு என்பார்கள். அதற்குப் பின்னால் பெரிய முக்கோணக் கூரை எழுந்து நிற்கும். இந்த வளைந்த முகப்பு அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. இங்கே வசிப்பவரின் அந்தஸ்தை, உள்ளே நுழைவதற்கு முன்பே வருகிறவனுக்கு அறிவிக்கும் அடையாளம். 1818-இல் எல்லாம் சாம்பலான பிறகு, இரண்டே ஆண்டில் மறுபடி எழுப்பினார்கள் என்றால், இப்படியொரு முகப்பு இல்லாமல் ஒரு டைம்யோ டைம்யோவாக இருக்க முடியாது என்பதுதான் காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். கோபுரம் கட்ட முடியாதவர்கள் தங்கள் மானத்தையெல்லாம் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள்.

இப்போது கண்ணைக் கீழே இறக்குங்கள். தரைக்கும் அறைத் தளத்துக்கும் நடுவே தாழ்வான மரப்பலகை மேடை இருக்கும். ஷிகிதாய் என்று பெயர். பல்லக்கில் வரும் உயர்குடி விருந்தாளி மண்ணில் கால்படாமல் இதில்தான் இறங்குவார். வரவேற்கும் அதிகாரி இன்ன இடத்தில் மண்டியிட வேண்டும், விருந்தாளி இன்ன இடம் வரை வாளோடு வரலாம் என்றெல்லாம் கணக்கு உண்டு. சாதாரண ஆட்களுக்கு இந்த வழி கிடையாது, பக்கவாட்டு வாசல்தான். ஒரு குடியானவன் வரிக் குறைப்பு கேட்டு வந்தால் இந்த வளைந்த கூரையைத் தூரத்திலிருந்து மட்டும் பார்த்திருப்பான்.

கூரை ஓடுகளில் குடும்பச் சின்னம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஓடா குடும்பத்தின் புகழ்பெற்ற சின்னம் ஐந்து இதழ்கொண்ட மொக்கோ என்ற மலர் வடிவம். தொலைநோக்கி இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டால் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

உள்ளே

செருப்பைக் கழற்றி, அதன் முனை வெளியே பார்க்கும்படி வையுங்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். குறுகிய இடத்தில் திரும்பும்போது காகிதக் கதவில் இடித்துவிட்டால் ஈடுசெய்வது கடினம். அறை வாசல்களின் மரச்சட்டத்தை மிதிக்காமல் தாண்டுங்கள். ததாமிப் பாயின் துணி ஓரத்தையும் மிதிக்கக் கூடாது என்பது பழைய மரியாதை.

மிஞ்சியிருப்பது மாளிகையின் வெளிப்பகுதி. அரசுக் காரியங்கள் நடந்த, விருந்தாளிகளை வரவேற்ற பகுதி. பிரபு தூங்கிய, குளித்த, குடும்பத்தோடு இருந்த உள்பகுதி இல்லை. அதனால் சிலருக்கு ஏமாற்றம் வரலாம். ஆனால் பிரபுவின் அதிகாரம் புழங்கிய இடம் இந்த வெளிப்பகுதிதான்.

தங்கத் தாள் ஒட்டிய கதவுகளை எதிர்பார்க்காதீர்கள். கியோட்டோவின் நிஜோ மாளிகையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தோன்றும். அந்த வெறுமையைத்தான் படிக்கக் கற்க வேண்டும். அறைக்கு அறை போகும்போது நான்கு விஷயங்களை ஒப்பிடுங்கள்: கூரைப்பலகை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தூணில் கணு இருக்கிறதா, கதவுச் சட்டத்துக்கு மேலே ஓடும் கிடைமரம் எவ்வளவு தடிமன், ஆணியை மறைக்கும் உலோகப் பூண் உண்டா. உயர்ந்த விருந்தாளி உட்காரும் இடத்தை நெருங்க நெருங்க இவை மேம்படும். காத்திருப்போர் அறையில் மரம் சுமாராகத்தான் இருக்கும். பதவி வரிசையைத் தச்சர் மரத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

கட்டடம் பிழைத்த காரணமும் சுவையானது. 1871-இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் கலைக்கப்பட்டன. பல ஊர்களில் மாளிகைகளை ஏலம் விட்டார்கள். கைபராவில் இதைப் பள்ளிக்கூடமாகப் பயன்படுத்தினார்கள். பிரபுக்கள் நடத்திய பள்ளியின் பெயரான சூகோ என்பதைத்தான் பக்கத்தில் இன்று நடக்கும் தொடக்கப்பள்ளியும் தாங்கியிருக்கிறது. மாளிகையின் காணாமல்போன பகுதியைத் தேடும்போது பள்ளிப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்; குழந்தைகளைப் படமெடுப்பதை அங்கே யாரும் ரசிக்கமாட்டார்கள்.

இல்லாததைப் பார்ப்பது

அருங்காட்சியகத்தில் எடுத்த வரைபடப் படம் இப்போதுதான் உதவும். வெளியே வந்து வளாகத்தைச் சுற்றி மெதுவாக நடங்கள். வரைபடத்தின் எல்லையோடு இன்றைய தெருக்களை ஒப்பிடுங்கள். சமதளமான திடல் தென்பட்டால் அங்கே என்ன கட்டடம் இருந்தது என்று பாருங்கள். எல்லா ஜின்யாக்களுக்கும் பொருந்தும் முறை இது. பல இடங்களில் கட்டடமே இருக்காது, நீர்க்கால்வாயும் கல்வரிசையும் ஒரு தகவல் பலகையும் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

பிறகு ஊர். மூன்று அடுக்கு மரக் கோபுரமாக நிற்கும் முரசு மாடத்தைப் பாருங்கள். நேரம் சொல்லவும் ஆபத்தை அறிவிக்கவும் அடித்த முரசு தொங்கிய இடம். ஏறத்தாழ 6 மீட்டர் அகல ஓடையின் மேல் தன் வேரை நீட்டி மறுகரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெரிய கெயாகி மரத்தையும் விட்டுவிடாதீர்கள். வேர்ப்பாலம் என்றே அழைக்கிறார்கள். ஜின்யாவைவிட அதிகமானவர்கள் அதைத்தான் படமெடுக்கிறார்கள், குறை சொல்ல முடியாது.

குன்றின்மேல் இருக்கும் ஹச்சிமான் ஆலயத்தின் பிரதானக் கட்டடம் நொபுநாகாவுக்குப் பின் அதிகாரத்தைக் கைப்பற்றிய ஹிதேயோஷியின் ஆணைப்படி 1585-இல் எழுந்தது. ஜப்பானின் பூர்விக மதமான ஷிண்டோவின் ஆலயத்துக்குப் பின்னால் மூன்றடுக்குப் பௌத்தக் கோபுரம் நிற்பது அபூர்வம். மேஜி காலத்தில் இரண்டு மதங்களையும் பிரிக்க அரசு உத்தரவிட்டபோது பல ஊர்களில் இத்தகைய கோபுரங்களை இடித்துத் தள்ளினார்கள், இங்கே தப்பிவிட்டது. பிப்ரவரி 17, 18-இல் கெட்ட காலத்தை விலக்கும் பெருவிழா நடக்கும். அந்த நாட்களில் ஜின்யாவை அமைதியாகப் பார்க்க நினைத்தால் நடக்காது. ஊரில் ஓடா குடும்பத்துக்கான ஆலயங்களும் உண்டு. ஒன்றில் 1650-இல் வாரிசின்றி மறைந்த பிரபுவையும், மற்றொன்றில் நொபுநாகாவையும் வழிபடுகிறார்கள்.

சாப்பாடு, பருவம்

அக்டோபர், நவம்பரில் போங்கள். தம்பாவின் செஸ்ட்நட், கருப்பு சோயா, தைநகோன் என்ற பெரிய சிவப்புப் பயறு மூன்றும் ஜப்பான் முழுக்கப் பேர் வாங்கியவை; மூன்றுமே இனிப்பாகக் கிடைக்கும். குளிர்காலத்தில் காட்டுப்பன்றி இறைச்சியைக் கொதிக்கவிட்டுத் தரும் பொத்தான் நாபே. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சூப்பும் சாறும் பெரும்பாலும் மீன் சாற்றில்தான் தொடங்கும். ஒசாகாவிலேயே கையில் எதையாவது கட்டிக்கொண்டு வருவது நிம்மதி.

நேரம் மிச்சமிருந்தால்

உடல்வலு இருக்கிறவர்கள் இரண்டு நிலையம் வடக்கே குரோய்யில் இறங்கி, மலை உச்சியில் இருக்கும் குரோய் கோட்டை இடிபாடுகளுக்கு ஏறலாம். மிட்சுஹிடேயை முதல் படையெடுப்பில் ஓடவைத்து, 1579-இல் வீழ்ந்த கோட்டை அது. ஏறுகிற நாளில் கைபராவைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மலைப் பாதையில் இருட்டில் இறங்கக் கூடாது.

ஜின்யா மீதே ஆர்வம் பிடித்துவிட்டால் வேறொரு நாளை நாராவுக்கு ஒதுக்குங்கள். எடோ காலம் முடியும்போது ஓடா குடும்பத்தில் நான்கு டைம்யோக் கிளைகள் இருந்தன: வடக்கே தெந்தோ, இங்கே கைபரா, நாராவில் ஷிபமுராவும் யனகிமோத்தோவும். பின்னவை இரண்டும் 10,000 கோகுதான். டைம்யோ என்று சொல்லிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச அளவு. யனகிமோத்தோ ஜின்யா இருந்த இடத்தில் இப்போது மாளிகை இல்லை. ஆனால் 1844-இல் கட்டிய அதன் வெளிமாளிகையைப் பிரித்தெடுத்து, 1967-இல் கஷிஹாரா ஆலய வளாகத்தில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். கைபராவைப் பார்த்த கண்ணோடு அதைப் பார்த்தால், வருமானத்தில் பாதியே உள்ள இன்னொரு கிளை வாசலுக்கு எவ்வளவு செலவிட்டது என்று ஒப்பிடலாம். உள்ளே விடுவார்களா என்பதைக் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.